தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

மாடுலர் கிச்சனில் மிக முக்கியமான பாகம் எது என்று, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கேட்பது என் பொழுதுபோக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. ஒருவர் சிம்னி என்பார். கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர், அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றுக்கும் இடையே உள்ள முக்கோணம் என்பார். போன வருடம் சேர்ந்த பெண், "கஸ்டமரோட பொறுமை சார்" என்றாள். அவள் உருப்படுவாள். ஆனால் ஒருவர்கூட இதுவரை தாழ்ப்பாள் என்று சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேதி குறித்து வைப்பது என் சுபாவம். அப்படிக் குறித்ததில் தெரிந்துகொண்டது: ஆரணியில் நம் தொழிலுக்கென்று தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. கல்யாண மாதங்களுக்கு முன்னால் பட்டுக்காரர்கள் தலை நிமிர மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் எதையும் தொடங்க மாட்டார்கள். இடையில் கிடைக்கிற சந்துகளில் நாம் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். நான் சொல்லப்போகும் வேலை, கொரோனா ஓய்ந்த அடுத்த வருடம், ஆனிக் கடைசியில் பூஜை போட்டுத் தொடங்கியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும் என்பது பேச்சு.

வீட்டுக்காரர் முனிரத்தினம், பட்டு வியாபாரி. சுற்றுப்பட்டு கிராமங்களில் அவருக்காகத் தறி போடுகிறவர்கள் நிறையப் பேர். சனிக்கிழமை ஆனால் நெய்த புடவைகளோடு வருவார்கள். கூடத்தில் வெள்ளை விரிப்பின் மேல் புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அடுத்த புடவைக்கு வேண்டிய பட்டும் ஜரிகையும் கைமாறும். வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து டீ போகும். டீயை விரிப்புக்கு வெளியே தள்ளி உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். கையைத் துண்டில் துடைத்த பிறகே மறுபடி புடவையைத் தொடலாம்.

அந்த டீயை யார் போடுவது என்பதுதான் அந்த வீட்டின் பிரச்சினை.

முனிரத்தினத்துக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தறிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறார். இளையவர் வெளியூர்க் கடைகளைப் பார்க்கிறார். மூத்த மருமகள் கோமதி உள்ளூர்ப் பெண். இளைய மருமகள் லாவண்யா வந்தவாசியிலிருந்து வந்தவள்; போனில் நேரலையாகப் புடவைகளைக் காட்டி விற்கிறாள், நன்றாகவே விற்கிறாள். இருவருக்கும் அத்தை, முனிரத்தினத்தின் மனைவி சரோஜா அம்மாள். அந்த வீட்டில் முடிவெடுப்பது முனிரத்தினம் என்று முனிரத்தினம் நம்பிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நான் அளவு நாடாவை வெளியே எடுப்பதற்குள் சரோஜா அம்மாள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, அடுப்பு ரெண்டு வேணும்னு ரெண்டு பேரும் நிக்கறாளுங்க. வெச்சிக்கட்டும். ஆனா சமையக்கட்டு ஒண்ணாத்தான் இருக்கணும். நடுவுல செவுரு கிவுரு எழுப்பினீங்கன்னா பாத்துக்கங்க."

"இல்லீங்கம்மா."

"எங்க வூட்டுக்காரரோட பொறந்தவங்க நாலு பேரு. மொதல்ல அடுப்பு பிரிஞ்சிது. அடுத்த பொங்கலுக்குள்ள கடை பிரிஞ்சிது. இன்னிக்கி ஒருத்தர் வூட்டு கல்யாணத்துக்கு இன்னொருத்தர் போறதில்ல. பத்திரிகை மட்டும் தபால்ல வருது. என் புள்ளைங்களுக்கு அது வேணாம்."

அவர் குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. நான் வரையப்போவது சமையலறை அல்ல, ஒரு கடை பிரியுமா பிரியாதா என்பது.

அன்று மாலையே கோமதியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. "அண்ணா, நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து டீ போட்டுகினே இருக்கேன். எனக்குன்னு ஒரு பக்கம் தனியா வேணும். மூடினா மூடின மாதிரி இருக்கணும். அத்தைகிட்ட சொல்லாதீங்க."

அதைக் கேட்டு முடிப்பதற்குள் லாவண்யாவின் குரல் செய்தி. "அண்ணா, நான் லைவ் போயிகினு இருக்கேன், மாமா கூடத்துலேர்ந்து 'லாவண்யா, டீ'ன்னு கொரலு குடுக்கறாரு. கமெண்ட்ல ஒரு அம்மா கேக்கறாங்க, பொடவைகூட டீயும் சேத்து அனுப்புவீங்களான்னு. பேஜாரா போச்சு. எனக்குத் தனியா ஒரு பக்கம் வேணும். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

ஒரே அறை. அது ஒன்றாகவும் இருக்க வேண்டும், இரண்டாகவும் இருக்க வேண்டும். இதைத்தான் நம் விளம்பரத் தாளில் 'தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய சமையலறை' என்று போடுகிறோம். அந்தத் தாளை எழுதியவர் ஆரணிக்கு வந்தவரில்லை.

இதற்கு மேல் வாஸ்து. அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், இருக்க வேண்டும். மருமகள்கள் இருவருக்கும் அக்கினி மூலை வேண்டும். ஒரு அறைக்கு ஒரு தென்கிழக்குதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது உங்க வேலைண்ணா" என்றாள் கோமதி. வாஸ்து பார்ப்பவரை வரவழைத்தார்கள். அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"நடுவுல ஒரு தடுப்பு வந்தா ரெண்டு ரூம்தானுங்களே?"

"தடுப்பு இருந்தா ரெண்டு. இல்லாங்காட்டி ஒண்ணு."

"ரெண்டு ரூம்னா, ரெண்டு தென்கிழக்கு?"

"ஆமா."

"அந்தத் தடுப்பு மடிச்சி வெக்கற தடுப்பா இருந்தா?"

அவர் கூரையைப் பார்த்தார். கிழக்கைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். "சமைக்கும்போது மூடி வெச்சிகினா தோஷம் இல்ல" என்றார். நல்ல மனிதர். தொழில் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

அப்படி வந்ததுதான் மடிப்புக் கதவு. மேலே தண்டவாளத்தில் ஓடும், உள்ளே தெரியாத கண்ணாடி போட்ட அலுமினியக் கதவு. இழுத்தால் சமையலறை இரண்டாகும். மடித்துச் சுவரோரம் தள்ளினால் ஒன்றாகும். கீழ்ப்பெட்டிகளுக்குச் சக்கரம் வைத்தேன். எப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருட்டலாம். அத்தையிடம் திறந்த நிலையில் படத்தைக் காட்டினேன். மருமகள்களிடம் மூடிய நிலையில் காட்டினேன். மூவருக்கும் பிடித்துவிட்டது.

நிறம் தேர்ந்தெடுக்கத்தான் நாள் பிடித்தது. இதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பட்டுக்காரர் வீட்டில், பலகைமேல் ஒட்டும் லாமினேட் மாதிரிகளை டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டவே காட்டாதீர்கள். முனிரத்தினம் முழு மாதிரிக் கட்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார், கட்டைவிரலால் தேய்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பழுப்புக் காகிதம்தான் இருக்கிறது. "பின்னாடி ஃபினிஷிங் சரியில்லியே சார்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், சைக்கிளில் போனவர் எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது: "ஒடம்பு கத்திரிப்பூ. பார்டரு மாம்பழ மஞ்சள்."

சமையலறைக்கு உடம்பும் பார்டரும் கிடையாது என்று நான் வாதாடவில்லை. கதவுப் பலகையெல்லாம் கத்திரிப்பூ, ஓரமெல்லாம் மஞ்சள். லாவண்யா தன் பக்கத்துக்கு அதையே மாற்றிக் கேட்டாள், உடம்பு மஞ்சள், பார்டர் கத்திரிப்பூ. நம் சென்னை ஆள் ஆர்டரைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இனி தாழ்ப்பாள்.

மடிப்புக் கதவு என்றால் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். எந்தப் பக்கம் என்பதை வரைபடத்தில் நான் குறிக்காமல் விட்டிருந்தேன். சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? அறையின் கிடப்பைக் கவனியுங்கள். கோமதியின் பாதியில்தான் கூடத்துக்குப் போகும் கதவு. லாவண்யாவின் பாதியில்தான் பின்வாசல், அதாவது தண்ணீர்க் குழாயும் பாத்திரம் தேய்க்கும் இடமும். தாழ்ப்பாள் கோமதி பக்கம் இருந்தால், அவள் நினைத்த நேரத்தில் தாழிட்டால் லாவண்யா வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் கூடத்துக்கு வர முடியும். லாவண்யா பக்கம் இருந்தால், அவள் நினைத்த நேரத்தில் கோமதியின் எச்சில் பாத்திரமெல்லாம் கோமதியோடேயே தங்கிவிடும். விரல் நீளத் தகடு ஒன்று அந்த வீட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கும்.

இதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அண்ணா, தாப்பா என் பக்கம்தானே?" கோமதி.

"சரிங்க" என்றேன்.

"அண்ணா, லாட்ச் என் சைடுதான் வெக்கறீங்க." லாவண்யா.

"சரிங்க" என்றேன்.

சரோஜா அம்மாள் கேட்டது இன்னும் நுட்பமானது. "தம்பி, கதவ மடிச்சி செவுத்தோரம் தள்ளிட்டா, அது அங்கியே நிக்கற மாதிரி ஒரு தாப்பா போடுங்க. சாவி வெச்சி பூட்டற மாதிரி. சாவி என் இடுப்புல இருக்கட்டும்." மூடுவதற்குத் தாழ்ப்பாள் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடாமலிருக்கத் தாழ்ப்பாள் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

"சரிங்கம்மா" என்றேன்.

இதைப் பொய் என்று நினைக்கிறவர்கள் பீரோ செய்யப் போகலாம். அதில் பூட்டு எந்தப் பக்கம் என்று யாரும் சண்டை போடுவதில்லை. நம் தொழிலில் கோபமாக இருக்கும் மூன்று பேருக்கு ஒரே நாளில் நியாயம் சொல்லக் கூடாது. யார் பக்கம் தாழ்ப்பாள் வைத்தாலும் மற்ற இருவர் அன்றைக்கே தங்கள் கணவரிடம் போவார்கள். அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பிப்பார்கள். தாழ்ப்பாளில் தொடங்கிய பேச்சு, தறிக்காரர்கள் யாருக்கு, கடைகள் யாருக்கு என்று போய் நிற்கும். சரோஜா அம்மாள் பின்கட்டில் வைத்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே ஒரு காந்தம் வைத்தேன். கதவை இழுத்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கத்திலிருந்து யார் தள்ளினாலும் விட்டுவிடும். மூடியிருக்கும், பூட்டியிருக்காது. பால் காய்ச்சிய அன்று மூவருமே காந்தத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இது இப்போதிக்கிதாங்க" என்றேன் மூவரிடமும் தனித்தனியாக. "தாப்பா சென்னையிலேர்ந்து வரணும்."

ஆவணி முழுக்க அது சென்னையில் இருந்தது. புரட்டாசியில் லாரி புக்கிங் ஆபீசுக்கு வந்தது. பிறகு மஞ்சள் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று நானே திருப்பி அனுப்பினேன். ஐப்பசியில் சென்னையில் மழை. மழை மட்டும் உண்மை.

இடையிடையே சக்கரத்துக்கு எண்ணெய் விடும் சாக்கில் போய்ப் பார்த்துக்கொண்டேன். காலையில் கதவு மூடியிருக்கும். பதினொரு மணி வாக்கில் கறிவேப்பிலைக்காக ஒரு கை நுழையும் அளவு திறந்திருக்கும். சாயங்காலம் முக்கால்வாசி மடிந்திருக்கும். சண்டை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். திறந்த கதவு வழியாகத்தான் சண்டை நன்றாக நடக்கும். ஆனால் கதவுக்கு வெளியே அது போகவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை சரோஜா அம்மாள் போன் செய்தார். "தம்பி, ஜல்தி வாங்க. தாப்பா மாட்டணும்."

"இன்னும் வரலீங்களேம்மா."

"வந்துடுச்சி. வாங்க."

போனேன். கூடத்தில் வழக்கம்போல் விரிப்பு, புடவைகள், நெய்தவர்கள். முனிரத்தினம் ஒரு புடவையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் நுழைந்தேன். மடிப்புக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. கிரானைட் மேடையில் மூன்று தாழ்ப்பாள்கள் வரிசையாக இருந்தன. பித்தளை ஒன்று, ஸ்டீல் ஒன்று, சாவியோடு கூடிய பூட்டுத் தாழ்ப்பாள் ஒன்று. மேடைக்கு அந்தப் பக்கம் மூவரும் நின்றிருந்தார்கள்.

"இது நான் பஜார்ல வாங்கினது" என்றாள் கோமதி பித்தளையைத் தொட்டு. "நம்ம பஜார்ல மாலை மாலையா தொங்கவுட்டிருக்கான் அண்ணா. எதுக்கு சென்னை?"

"இது நான் ஆன்லைன்ல போட்டது" என்றாள் லாவண்யா. "ரெண்டு நாள்ல வந்துச்சி. மழையில நனையவே இல்ல."

"இது வேலூர்லேர்ந்து எங்க தம்பி எடுத்தாந்தது" என்றார் சரோஜா அம்மாள். "எடுத்தாந்து இங்க வெக்கறேன், ஏற்கெனவே ரெண்டு இருக்குது. யாருக்குன்னு கேட்டா, ஆளாளுக்கு 'என் பக்கம்தான்னு அண்ணன் சொன்னாரு'ங்கறாளுங்க."

"எனக்கும் சரின்னீங்க" என்றாள் கோமதி.

"எனக்கும்" என்றாள் லாவண்யா.

"வாயில இன்னாதான் வெச்சிகினு இருக்கீங்க தம்பி, ரெக்கார்டா?"

ஒரு மூத்த வடிவமைப்பாளன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யக் கூடாது. விளக்கம் சொன்னால், மூன்றில் ஒருவருக்கு அது சாதகமாகப் போகும். உடனே அணி பிரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். கோமதி தொடங்கிய வாக்கியத்தை லாவண்யா முடித்தாள். லாவண்யா மறந்த தேதியைச் சரோஜா அம்மாள் எடுத்துக்கொடுத்தார். புரட்டாசியில் நிறம் பொருந்தவில்லை என்று நான் சொன்னதை மூவரும் சேர்ந்து ஞாபகப்படுத்தினார்கள். நான் பேசுவதைப் போலவே கோமதி பேசிக் காட்டினாள். லாவண்யா மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் இவர்கள் மூவரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிர்ப்பக்கம் நான் இருந்தேன், அவ்வளவுதான் செலவு.

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து முனிரத்தினத்தின் குரல் வந்தது. "டீ இன்னா ஆச்சி?"

லாவண்யா மேடையை விட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, ஏழு டீ!" இது மூத்தவர்.

"எனக்கு சக்கர கம்மி!" இது இளையவர்.

கோமதி லாவண்யாவைப் பார்த்தாள். லாவண்யா கோமதியைப் பார்த்தாள். வழக்கமாக அந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது சரோஜா அம்மாளிடம் போய் முடிந்தது. அவர் கூடத்துக் கதவைப் பார்த்தார். பிறகு மேடையில் இருந்த பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்த கதவுக்குப் போடுங்க. உள்பக்கமா."

"அம்மா, இது கூடத்துக் கதவு..."

"எனக்குத் தெரியாதா? மாட்டுங்க."

"ஸ்டீல அந்தப் பின்வாசலுக்குப் போட்டுடுங்கண்ணா" என்றாள் லாவண்யா. "அங்க இருக்கறது துரு புடிச்சிப் போச்சி."

"மூணாவது?" என்றேன்.

"அது உங்களுக்குத்தான்" என்றாள் கோமதி. "சென்னைக்குத் திருப்பி அனுப்பறதுக்கு."

பையில் டிரில் இருந்தது. இரண்டையும் மாட்டினேன். முடிந்ததும் சரோஜா அம்மாள் என்னை மரியாதையாகக் கூடத்துக்கு அனுப்பினார். என் முதுகுக்குப் பின்னால் பித்தளை நகரும் சத்தம் கேட்டது. நன்றாகப் பொருந்தியிருந்தது. அதற்கப்புறம் உள்ளே டம்ளர்கள் எடுக்கும் சத்தம், இஞ்சி தட்டும் சத்தம், சிரிப்பு. மூன்று டம்ளர்தான் எடுத்தார்கள், காது கொடுத்துக் கேட்டேன்.

முனிரத்தினம் கதவைத் தள்ளிப் பார்த்தார். தட்டினார். "சரோஜா?" என்றார். உள்ளேயிருந்து, "டீ குடிச்சிகினு இருக்கோம்" என்று பதில் வந்தது.

அவர் என்னிடம் திரும்பினார். "சார், டிசைன் போட்டது நீங்கதானே. வேற வழி இருக்குமே? பின்வாசலு?"

"இருந்துச்சிங்க. அதுக்கும் இப்பதான் போட்டுட்டு வரேன்."

மூத்தவர் இளையவரைப் பார்த்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரு முடிவை அவ்வளவு சீக்கிரம் ஒன்றாக எடுத்தது அந்தக் கடை வரலாற்றில் நடந்திருக்காது. ஒருவர் வண்டியை எடுத்தார், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்தார். தெருமுனைக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீயோடு வந்தார்கள். இளையவர் ஊற்ற, மூத்தவர் ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். விரிப்புக்கு வெளியே தள்ளி உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் குடித்தோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சனிக்கிழமை டீ அப்படித்தான் வருகிறது.

சந்தவாசல் கிராமத்திலிருந்து புடவை கொண்டுவந்த ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை உயர்த்திப் பார்த்தார். "வூட்டு டீய வுட இது தேவலாங்களே" என்றார்.

முனிரத்தினம் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா பேசுய்யா" என்றார்.